ரூபீனாவின் கண்ணைப் பற்றி நான் சொன்ன பொய்

இந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்தும் ஓய்வுபெற்ற முதல்வர் அப்பாதுரை ஐயா அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் டாக்டர் புகழேந்தி அவர்களே, மறைந்த முனைவர் ரூபீனா அவர்களின் தம்பி தல்ஹா அவர்களே, தம்பி மகள் சானியாவே, கல்லூரிப் பேராசிரியர்களே, மாணவிகளே, ஜமாஅத்துப் பெரியவர்களே, கடையை மூடிவிட்டு அடி அண்ணாமலையிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நான் மெத்தை வியாபாரி. சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பஞ்சு அடித்துக் கொடுத்து ஆரம்பித்தவன். இன்று இந்த ஊர் லாட்ஜுகளில் பாதிக்கு மேல் என் கடை மெத்தைதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரியாசுதீன் பாய் ஒரு பொருளை நல்லது என்றால் நல்லது, மட்டம் என்றால் மட்டம் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன் பேசியவர்கள் முனைவர் ரூபீனா அவர்களைப் பேராசிரியர் என்றார்கள், விஞ்ஞானி என்றார்கள், மாணவிகளுக்குத் தாய் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பத்து நாளைக்கு முன் அவரை அடக்கம் செய்துவிட்டுக் கபரஸ்தானிலிருந்து வெளியே வரும்போது ஒருவர் என் தோளைத் தொட்டுக் கேட்டார்:

“என்னா பாய், லிவரா?”

“இல்லைங்க. மாரடைப்பு.”

“இல்ல... அவங்க வூட்டுல காமாலை ரத்தத்துலயே ஓடுதுன்னு சொல்வாங்களே, அதான் கேட்டேன்.”

சொல்வாங்களே! யார் சொல்வாங்க? முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அதை முதலில் சொன்னவன் நான். நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். என் கடையில் உட்கார்ந்து சொன்னேன். அவரை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பும் வாசலிலும் அந்த வார்த்தை நின்றுகொண்டிருந்தது, சபையோரே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு எனக்குப் போன் செய்தார். சானியாவுக்குப் போளூரிலிருந்து பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. காரணம் என்ன? குப்பிமாவின் ரத்தம். எங்கள் வீடுகளில் அத்தையைக் குப்பிமா என்போம். ரூபீனா அவர்கள் போனில் கோபப்படவில்லை.

“பாய், நீங்க அன்னைக்குச் சொன்னது இன்னும் ஊர்ல நடமாடுது. நான் சொன்னா எங்க வூட்டு ஆளு, மூடி மறைக்கிறேன்னுவாங்க. நீங்க சொன்னாதான் எடுபடும். நாலு பேர் இருக்கிற எடத்துல ஒரு தடவ சொல்லிடுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சொல்றேன்மா. சீசன் முடியட்டும்.”

எந்தச் சீசன்? என்ன சீசன்? சீசன் முடிவதற்குள் அவர் முடிந்துபோனார். அதனால்தான் இன்றைக்கு நாலு பேர் அல்ல, நானூறு பேர் இருக்கும் இடத்தில் சொல்கிறேன்.

1993. நோன்பு மாதம். என் தம்பி முபினுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். நோன்பு மாதத்தில் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. பெருநாள் கழியட்டும் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மெத்தைக் கடைக்கு நோன்பு மாதத்தில்தான் ஓய்வு. ஒரே நாளில் வேலை முடியும் என்று கணக்குப் போட்டு, இருபத்து நாலாவது நோன்பு அன்று, நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பெண்ணைப் பெண்கள் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். என் மனைவி போனால் போதும். நான், பிரித்துப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் எடுக்காதவன், கூடவே போனேன். ஒரு பெண்ணைப் பற்றி இந்தச் சொல்லைச் சொல்ல எனக்கே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சிக் கிண்ணமும் வைத்த தட்டோடு அந்தப் பெண் வந்தார். இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்திருந்தார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் என் மனைவியிடம், “கண்ணைப் பாத்தியா? காமாலை” என்றேன்.

“நோன்பு வச்ச அசதியா இருக்கும்ங்க.”

“எனக்குத் தெரியாதா? பாத்த ஒடனே சொல்லிடுவேன்.”

என் மனைவி சொன்னதுதான் சரி. அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்திரண்டு வருடம் ஆனது.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனார் என் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். கையில் டாக்டர் கடிதம். “பாய், ஒரு நடை வந்து பாருங்க. இப்ப கண்ணு பளிச்சுனு இருக்கு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க. லிவர்ல ஒண்ணும் இல்லையாம். செல பேருக்குப் பட்டினி கெடந்தா இப்படி வருமாம், தானா போயிடுமாம். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, பாருங்க.”

பார்த்தேன். கடிதத்தையும் பார்த்தேன், அவர் முகத்தையும் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அறியாமையால் செய்தேன் என்று இங்கே நான் சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அந்த வசதியை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நடந்தது இதுதான்: அந்த ஒரு வாரத்துக்குள் வேலூரிலிருந்து ஒரு தோல் வியாபாரக் குடும்பம் முபினைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தது. பெரிய இடம். வாத்தியார் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு அங்கே போக எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பேராசைக்காரன் என்று ஊர் சொல்லக் கூடாது. காமாலை கைக்கு வந்தது. கேட்டவர்களிடமெல்லாம், “ரத்தத்துலயே இருக்கு பாய், பரம்பரை” என்றேன். தெரிந்தே சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு வந்த நாலு சம்பந்தங்கள் திரும்பிப் போயின. மூன்று பேர் என்னிடமே வந்து விசாரித்தார்கள். மூன்று பேரிடமும் அதையே சொன்னேன்.

இதற்குப் பெயர் என்ன, சபையோரே? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் பலமுறை வைத்துப் பார்த்துவிட்டேன்.

நான் தட்டிவிட்டதால்தான் அவர் படித்துப் பெரிய விஞ்ஞானி ஆனார் என்று போன வாரம் ஒரு நண்பர் எனக்கு ஆறுதல் சொன்னார். அப்படியொரு லாபத்தை என் பேரில் எழுதாதீர்கள். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தவர் அவர். அவரே ஒருமுறை என் முகத்துக்கு நேரே சொன்னார்: “என் வாழ்க்கையையே மாத்திட்டோம்னு நெனச்சு ரொம்பப் பெருமைப்படாதீங்க பாய். எனக்கு வேற வேலயும் இருந்துச்சு.”

வேலை இருந்தது! எப்படிப்பட்ட வேலை! நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி, என்சைம் என்று அவர் சொல்வார், அதை உடம்பு எவ்வளவு செய்கிறது, யாருக்கு ஏன் குறைவாகச் செய்கிறது என்பதை நம் ஊர்க் குடும்பங்களில் தேடினார். 1995-ல் வெளிநாட்டில் அதன் மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ரூபீனா அவர்கள் படிப்பு முடித்துப் பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தும், நம் கல்லூரியின் உயிர்வேதியியல் துறைக்குத் திரும்பி வந்தார். பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு உட்கார்ந்தார். ஏன் அங்கே? அன்றைக்குத்தான் பாதி ஊர் பட்டினி கிடந்து மலையைச் சுற்றுகிறது!

ராணியம்மாள் இங்கே வந்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் எலுமிச்சை ஜூஸ் கடை வைத்திருப்பவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விரதம். கண் மஞ்சளாகும். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மருமகள் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள். காமாலைக்கென்று கையில் இரண்டு தடவை சூடு போட்டாகிவிட்டது. அவர்களே எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“ஏம்மா, கடைசியா எப்ப சாப்ட்டீங்க?” என்று ரூபீனா அவர்கள் கேட்டாராம்.

“நேத்து ராத்திரி. நீ யாரும்மா, டாக்டரா?”

“ஊசி போடாத டாக்டர். கண்ண மேல பாருங்க.”

“பாத்து என்னா சொல்லப் போற? இன்னொரு சூடு போடணும்னுவ.”

“மொதல்ல ரத்தம் பாக்கணும். அதுல வேற ஒண்ணும் இல்லைன்னா, சோறு போடணும்னு உங்க மருமககிட்ட எழுதிக் குடுக்கிறேன்.”

ரத்தம் பார்த்தார். புகழேந்தி டாக்டரும் பார்த்தார். எழுதியே கொடுத்தார். டம்ளர் அலமாரிக்குத் திரும்பியது. எல்லா மஞ்சள் கண்ணும் இது அல்ல. கிருமியால் வரும் காமாலையும் உண்டு, அடைப்பால் வருவதும் உண்டு, பரிசோதிக்காமல் யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அத்தோடு விட்டாரா? ராணியம்மாளின் உடன்பிறந்தவர் தசரதன். ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கும் அதே மரபணு அமைப்பு என்று ரூபீனா அவர்களின் பதிவேட்டில் இருந்தது. ஆறு வருடம் கழித்துத் தசரதனுக்குக் குடலில் புற்றுநோய். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றை உடம்பிலிருந்து வெளியேற்றுவதும் இதே நொதிதான். நொதி குறைவாக இருப்பவருக்கு வழக்கமான அளவில் கொடுத்தால் மருந்தே ஆளைச் சாய்த்துவிடலாம். ரூபீனா அவர்கள் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் அந்தப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினார். அளவைக் குறைத்துத் தொடங்கினார்கள். தசரதன்தான் இன்று தன் ஆட்டோவில் இவர்களையெல்லாம் அழைத்து வந்திருக்கிறார்! சும்மா மஞ்சள் கண், ஒன்றும் இல்லை என்று சொல்வதோடு நிற்காத படிப்பு அது.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

2015. என் மகன் ரஹமத் கல்லூரியில் முதல் வருடம். நோன்பு மாதத்தில் ஊருக்கு வந்தான். மூன்றாம் நாள் அவன் கண்ணைப் பார்த்தேன். அதே மஞ்சள். அதே ட்யூப் லைட். மகனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பாதி. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் மீதி. இரண்டு ஊர் மருத்துவமனைகளுக்கு முகவரி மாற்றிச் சொல்லி அழைத்துப் போனேன். கடைசியில் புகழேந்தி டாக்டர், “பக்கத்துலயே ஆள வச்சிக்கிட்டு எங்க பாய் சுத்துறீங்க?” என்று ரூபீனா அவர்களின் பெயரைச் சொன்னார்.

போனேன். வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, அதையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். அவர் என்னை அடையாளம் கண்டார். “வாங்க பாய், உக்காருங்க” என்றார். மகனிடம் சிரித்துப் பேசி ரத்தம் எடுத்தார். பதினைந்து நாள் கழித்து எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

“பாய், உங்க ஒடம்புல இருக்கிற எல்லா செல்லுலயும் ஒரே புஸ்தகம்தான் இருக்கு. கண்ணுலயும் அதான், தோலுலயும் அதான். ஆனா இந்த என்சைம எப்படிச் செய்யணும்ங்கிற பக்கத்த முக்கியமா கல்லீரல்தான் தெறந்து படிக்குது.”

“ஒரே புஸ்தகம்னா மத்ததெல்லாம் ஏன் படிக்கல?”

“உங்க ஆர்டர் புக்க மெத்தை தைக்கிறவர்கிட்டயும் வண்டி ஓட்டுறவர்கிட்டயும் குடுத்தா ரெண்டு பேரும் ஒரே பக்கத்தையா பாப்பாங்க? அவங்கவங்க வேலைக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தத் தெறக்கிற ஆளுங்க கல்லீரல்ல இருக்காங்க.”

“சரி. எம்பையனுக்கு எங்க தப்பு?”

“தப்பே இல்ல. பக்கத்துக்கு மேல, எவ்ளோ செய்யணும்னு சொல்ற வரி ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு எழுத்து ஜோடியா பல பேருக்கு ஆறு தடவ வரும். இவருக்கு ஏழு தடவ வருது. ஒண்ணு ஜாஸ்தி. அதனால தெறக்கிறவங்களுக்குப் பிடி சரியா கெடைக்கல. என்சைம் தரமாத்தான் வருது, கம்மியா வருது. மூணுல ஒரு பங்கு. சாதாரண நாள்ல அது போதும். பட்டினி கெடந்தா மஞ்சள் கொஞ்சம் தேங்கும், சாப்ட்டா போயிடும்.”

“ஒண்ணு ஜாஸ்தியா இருந்தா சரக்கும் ஜாஸ்தியாதானே வரணும்?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “வியாபாரி கேள்வி! எழுத்து ஜாஸ்தியானா வேலை ஜாஸ்தின்னு எந்த ஆபீஸ்ல பாத்தீங்க?”

பிறகு சொன்னார், இது அம்மாவிடமிருந்து ஒன்று, அத்தாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் வந்தால்தான் இப்படித் தெரியும் என்று. என் ரத்தத்தையும் கேட்டார். கொடுத்தேன். எனக்கும் ஏழு. இரண்டு பக்கமும் ஏழு. நோன்பு மாதங்களில் என் கண் மஞ்சளானதை நானும் என் மனைவியும் இத்தனை வருடமும் பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பரம்பரை! ரத்தத்திலேயே இருக்கு! யார் ரத்தத்தில்?

மகனை வெளியே அனுப்பிவிட்டு நான் கேட்டேன்: “ரிசல்ட் வந்ததும் உங்களுக்கு ஆச்சரியமா இருந்திருக்குமேம்மா?”

மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: “இல்ல பாய். அன்னைக்குக் கஞ்சி எடுத்துட்டு வந்தப்பவே உங்க கண்ணப் பாத்துட்டேன். என்னுத விட உங்களுதுதான் ஜாஸ்தி மஞ்சளா இருந்துச்சு.”

“அப்போ... அப்பவே சொல்லியிருக்கலாமே! ஊர்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வாய அடைச்சிருக்கலாமே! ஏம்மா சொல்லல?”

“உங்களுக்குக் கல்யாணத்துக்கு ரெண்டு தங்கச்சிங்க இருந்தாங்கல்ல பாய்.”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்து யாரோ காத்திருக்கிறார்கள் என்று எழுந்துகொண்டார்.

சபையோரே! என் தங்கைகள் இருவரும் நல்ல இடங்களில் வாழ்கிறார்கள். யார் போட்ட பிச்சை அது? நான் எந்தப் பெண்ணின் வாசலை அடைத்தேனோ, அந்தப் பெண் போட்ட பிச்சை. என்னிடம் இருந்தது பொய். அவரிடம் இருந்தது உண்மை. நான் பொய்யை அவிழ்த்துவிட்டேன், அவர் உண்மையை அடக்கி வைத்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது நான் ஊரைக் கூட்டிச் சொன்னேனா? பத்து வருடம் சொல்லவில்லை! சும்மா இருந்தேன். அவர் கல்லூரி விடுதிக்கு இலவசமாக மெத்தை அனுப்பினேன். மெத்தை அனுப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்த ஆள் நான். அவர் நன்றி என்று எழுதி ரசீது அனுப்பினார். வேறென்ன எழுதுவார்?

நேற்று முன்தினம் தல்ஹா வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லப் போகிறேன், உங்கள் வீட்டுப் பெண்ணின் பேரும் வரும், சம்மதம் வேண்டும் என்றேன். தல்ஹா மகளைப் பார்த்தார். சானியாதான் பேசினாள்.

“சொல்லுங்க. ஆனா எனக்கு மாப்ள கெடைக்கணும்னு சொல்லாதீங்க. குப்பிமா கேட்டாங்கல்ல, அதுக்காகச் சொல்லுங்க.”

“நின்னு போனது என்னாலதானேம்மா.”

“கண்ணப் பாத்துட்டு ஓடுறவன் கூட நான் என்னா பண்றது? அத விடுங்க. குப்பிமா செத்ததுக்கும் லிவரான்னு கேக்கிறாங்களே, அத நிறுத்துங்க. உங்களால முடியுமா, முடியாதா?”

முடியுமா என்று தெரியவில்லை அம்மா. செய்கிறேன்.

ஜமாஅத்துப் பெரியவர்களே, ஊராரே, கேட்டுக்கொள்ளுங்கள். முனைவர் ரூபீனா அவர்களுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. அவர் வீட்டில் எந்த நோயும் ஓடவில்லை. பத்துப் பேரை நிறுத்தினால் ஒருவருக்காவது இருக்கக்கூடிய ஒரு சாதாரண அமைப்பு அது. இந்த அரங்கத்திலேயே எத்தனையோ பேருக்கு இருக்கும். 1993-ல் நான் சொன்னது பொய். தெரிந்து சொன்ன பொய். வேலூர்ச் சம்பந்தத்துக்காகச் சொன்ன பொய். என்னிடம் விசாரித்த அந்த மூன்று குடும்பங்களில் இரண்டு இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு நானே போகிறேன். போளூருக்கும் போகிறேன், சம்பந்தம் பேச அல்ல. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க.

அவர் விட்டுப்போன பதிவேடு புகழேந்தி டாக்டரிடம் இருக்கும். அதில் யார் பேரும் வெளியே போகாது; புற்றுநோய் மருந்து, வேறு மருந்து என்று தேவைப்படும்போது அவரவர் மருத்துவருக்கு மட்டும் போகும். அடி அண்ணாமலை மேசை நிற்காது. கல்லூரி மாணவிகள் உட்காருவார்கள். விவரம் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் மேசைக்கு முன்னால் நின்று ஆளைக் கூப்பிட எனக்குத் தெரியும், சைக்கிளில் கூவியவன்தானே. உயிர் இருக்கும்வரை ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே நின்று கூப்பிடுவேன். இது இந்தச் சபை அறிய நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒன்று. வெறும் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். குறிப்பாக என் வாயை நம்பாதீர்கள். நேற்றுக் காலையிலிருந்து நான் தண்ணீர் மட்டும்தான் குடித்திருக்கிறேன். புகழேந்தி டாக்டருக்கு மேடை ஏறும்போதுதான் தெரியும். “அறுபத்து நாலு வயசுல என்னா பாய் இது” என்று திட்டினார். யாரும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

இதோ, கண்ணாடியைக் கழற்றுகிறேன். விளக்கை இந்தப் பக்கம் திருப்புங்கள் தம்பி. முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வாருங்கள். பின்னால் இருப்பவர்களும் வாருங்கள், அவசரமில்லை, நான் இங்கேயே நிற்கிறேன்.

நன்றாகப் பாருங்கள். இதைத்தான் நான் நோய் என்று சொன்னேன்.